'வயது வரம்பு: 18' என்று ஒரு வரி போதாது

கல்லூரி உணவுத் திருவிழாவில் மாக்டெயில் (மது சேர்க்காத கலவைப் பானம்) போட்டி வைக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கோடை விழாவில் 'கோடைக்கு ஒரு குளிர்பானம்' வைக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் 'நெருப்பில்லாச் சமையல்' என்ற பெயரில் அதையே வைக்கிறார்கள். அறிவிப்புத் தாளில் பரிசுத் தொகைக்குக் கீழே ஒரு வரி நிற்கும்: 'வயது வரம்பு: 18'. 18-க்கு மேலா கீழா, எந்தத் தேதியில் 18, கலக்குபவருக்கா குடித்துப் பார்ப்பவருக்கா என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்காது.

இந்த ஒரு வரியால் இரண்டு தவறு நடக்கிறது. வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு அருமையாகப் பானகம் கரைக்கத் தெரிந்த 12 வயதுப் பிள்ளை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது. இன்னோர் இடத்தில் 'மது இல்லாத பானம்தானே' என்று, வீட்டில் ஈஸ்ட் போட்டு 4 நாள் மூடி வைத்த ஜிஞ்சர் பீர் (நொதித்த இஞ்சிப் பானம்) பாட்டிலோடு 15 வயதுப் பையனை உள்ளே விட்டுவிடுகிறார்கள். முதலாவது அநியாயம். இரண்டாவது ஆபத்து.

பானப் போட்டியில் வயதை நான்கு இடத்தில் பார்க்க வேண்டும். பானத்துக்குள் என்ன இருக்கிறது, பிள்ளை எந்தக் கருவியைத் தொடுகிறது, பானம் யார் வாய்க்குப் போகிறது, யார் கையெழுத்துப் போடுகிறார். நான்குக்கும் ஒரே எண் பொருந்தாது.

முதலில் எண்ணையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் 'பையனுக்கு 18 நடக்குது' என்றால் 17 முடிந்து 18 ஓடுகிறது என்று அர்த்தம். சட்டம் கேட்பது 18 பூர்த்தி. வயதைப் பேச்சுவழக்கில் கேட்டு வாங்கினால் ஓராண்டு தவறிப்போகும். '18 வயதுக்குட்பட்டோர்' என்று எழுதினால் 18 முடிந்தவர் உள்ளே வருவாரா என்று நுழைவு மேசையில் வாக்குவாதம் தொடங்கும். விண்ணப்பிக்கும் நாளில் 17, இறுதிச் சுற்று நாளில் 18 என்று ஒரு பிள்ளையாவது வந்து நிற்கும். 2008 பிப்ரவரி 29 அன்று பிறந்த பிள்ளைக்கு 2026-இல் பிறந்த தேதியே இல்லை. இவ்வளவு சிக்கலுக்கும் மருந்து ஒன்றுதான்: வயதை எழுதாமல் பிறந்த தேதியை எழுதுங்கள். '2008 ஜூன் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் இளையோர் பிரிவு' என்று எழுதிவிட்டால் யாரும் கணக்குப் போட வேண்டாம். இளையோருக்கான உலகத் தொழில்திறன் போட்டியான வேர்ல்டுஸ்கில்ஸில் இதைத்தான் செய்கிறார்கள். 2024-இல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்தபோது, பெரும்பாலான பிரிவுகளுக்கு 2002 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கே இருப்பது உச்ச வரம்பு. போட்டி ஆண்டில் 22-ஐத் தாண்டக் கூடாது. உணவகச் சேவைப் பிரிவில் காபியும் காக்டெயிலும் தயாரிக்க வேண்டியிருக்கும்.

காபி தயாரிப்பவர்களுக்கான உலக பாரிஸ்டா சாம்பியன்ஷிப்பில் இதற்கு நேர்மாறு. போட்டியாளருக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். 15 நிமிடத்தில் 4 எஸ்பிரெசோ, 4 பால் காபி, சொந்தக் கைவண்ணமாக 4 பானம் கொடுக்க வேண்டும். அந்தக் கைவண்ணப் பானத்தில் மது சேர்க்கக் கூடாது. மது இல்லாத போட்டிக்கும் 18 கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வயது வரம்பு என்றாலே மதுவுக்காகத்தான் என்று நினைப்பது சரியல்ல.

விதி எழுதுவோர் அமெரிக்கச் சட்டம் ஒன்றைப் படிப்பது நல்லது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சும் பீருக்கு வரிவிலக்கு தந்தது. வயதுவந்தவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், அதாவது ஏறத்தாழ 378 லிட்டர். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். வயதுவந்தவர் யார்? 18 நிரம்பியவர், அல்லது அந்த ஊரில் பீர் வாங்கச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயதை எட்டியவர். இரண்டில் எது அதிகமோ அது. இந்தக் கடைசிச் சொற்கள்தான் அழகு. 1984-இல் தேசியக் குறைந்தபட்சக் குடி வயதுச் சட்டம் வந்தது. 21-க்குக் கீழே விற்க அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு விழுந்ததால் எல்லா மாநிலங்களும் 21-க்கு மாறின. பழைய சட்டத்தில் ஒரு வார்த்தையைக்கூடத் தொடாமல் வீட்டு பீருக்கான வயதும் 21 ஆகிவிட்டது.

நமக்கும் அந்த வாசகம் உதவும். மது வாங்கும் வயது தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, டெல்லியில் 25, புதுச்சேரியில் 18. ஓர் ஊரின் எண்ணை விதியில் எழுதிவிட்டு அடுத்த ஆண்டு போட்டியை வேறு ஊரில் வைத்தால் விதி பொய்த்துப்போகும். 'மது கையாளப்படும் பிரிவில், போட்டி நடக்கும் மாநிலத்தில் மது வாங்கச் சட்டம் அனுமதிக்கும் வயது அல்லது 21, இரண்டில் எது அதிகமோ அது' என்று எழுதுங்கள். இது கையாளுவதற்கான வயது மட்டுமே. வீட்டில் காய்ச்சிய மதுவுக்கே போட்டி வைக்கும் அமெரிக்க வழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் இடமில்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எந்த வயதும் அதைச் சரியாக்காது.

மது இல்லை என்கிற பானத்தில் மது

அமைப்பாளர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். ஒரு லிட்டர் பானம் அந்தக் கோட்டைத் தொட எவ்வளவு சர்க்கரை நொதிக்க வேண்டும் தெரியுமா? 7 முதல் 8 கிராம். இரண்டு சின்னத் தேக்கரண்டி. வீட்டு ஜிஞ்சர் பீரில் லிட்டருக்கு 80 முதல் 100 கிராம் சர்க்கரை போடுகிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கை ஈஸ்ட் தின்றாலே கோடு தாண்டியாயிற்று.

'பொங்கி வருகிறது, ஆனால் மது இல்லை' என்று சொல்லும் பாட்டிலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது கரியமில வாயுவும் ஆல்கஹாலும் எடையில் கிட்டத்தட்ட சமமாக வெளிவருகின்றன. கடைச் சோடா அளவுக்குச் சுறுசுறுவென்று இருக்க, ஒரு லிட்டர் பானத்தில் ஏறக்குறைய 3 லிட்டர் வாயு கரைந்திருக்க வேண்டும். எடையில் 6 கிராம். அந்த 6 கிராம் வாயு முழுக்க ஈஸ்டிலிருந்து வந்திருந்தால் கூடவே 6 கிராம் ஆல்கஹாலும் பிறந்திருக்கும். அது கன அளவில் 0.75 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக, மூடிய பாட்டிலில் ஈஸ்ட் மட்டும் போட்டு வரவழைத்த சோடா நுரைப்பு, அந்த அளவில் மதுபானம்தான். செய்த பிள்ளை பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். சொல்லித்தர வேண்டியது நம் வேலை.

இன்னொரு ஆபத்து, வெடிப்பு. 100 கிராம் சர்க்கரையும் நொதித்தால் லிட்டருக்கு 25 லிட்டருக்கு மேல் வாயு கிளம்பும். பழைய கண்ணாடி பாட்டில் அதற்கு வெகு முன்னாலேயே சிதறிவிடும், அதுவும் மே மாதத்துச் சென்னையில், பள்ளிப் பையில். இளையோர் பிரிவில் பானத்தின் நுரைப்பு கடைச் சோடாவிலிருந்தோ வாயு உருளை பொருத்திய சோடா இயந்திரத்திலிருந்தோ மட்டும்தான் வர வேண்டும் என்று விதி எழுதுங்கள். இந்த ஒரு விதி மதுவையும் வெடிப்பையும் சேர்த்துத் தடுக்கும்.

பானத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வாங்கி வைத்து அளந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நொதிக்கும் முன் எடுத்த அளவும் இப்போதைய அளவும் இரண்டும் இருந்தால்தான் அது பேசும். பிள்ளை மூடிய பாட்டிலோடு வந்தால் முதல் அளவுக்கு எங்கே போவது? இரண்டும் இருந்தாலும் 0.5 சதவீதம் என்பது 1.040-இலிருந்து 1.036-க்கு இறங்கும் சின்ன வித்தியாசம்தான். ஏசி அறையில் 20 டிகிரியில் முதல் அளவையும் பந்தலுக்குக் கீழே 32 டிகிரியில் இரண்டாவது அளவையும் எடுத்தால், ஒரு துளி நொதிக்காமலேயே 0.003 இறங்கிக் காட்டும். சூட்டில் நீர் லேசாவதால் வரும் பொய் அது. வாயுக் குமிழ்கள் கருவியில் ஒட்டிக்கொண்டு மேலே தூக்கினால் பொய் மறுபக்கம் போகும். சர்க்கரை கலந்த பானத்தில் சாராய மீட்டர் வேலைக்கே ஆகாது. அதனால் போட்டி மேசையில் கருவியை நம்பாதீர்கள், தயாரிப்பு முறையைக் கட்டுப்படுத்துங்கள். எல்லாப் பானமும் நடுவர் கண்முன்னே 45 நிமிடத்தில் தயாராகட்டும். அந்த நேரத்தில் ஈஸ்ட் எதையும் சாதித்துவிடாது.

அதற்காக 'நொதித்த எதுவும் கூடாது' என்று எழுதிவிடாதீர்கள். மோரும் நீராகாரமும் கம்பங்கூழும் நொதித்தவைதான். அவற்றில் முக்கியமாக வேலை செய்வது புளிப்பாக்கும் பாக்டீரியா. குழந்தைக்குக் காலம்காலமாகக் கொடுப்பவை. இந்த நாட்டின் அருமையான பானங்களை ஒரு சொல்லால் வெளியே தள்ளிவிடக் கூடாது. 'சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடி வைத்தது, கொம்புச்சா (நொதித்த தேநீர்), வீட்டுத் திராட்சை ரசம்' என்று பெயர் சொல்லி விலக்குங்கள்.

பதநீருக்குத் தனிக் கவனம் வேண்டும். பாளை சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அதுதான் பதநீரையும் கள்ளையும் பிரிக்கும் கோடு. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கொடுத்து ஈஸ்டை எழவிடாமல் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் மரத்தில் தொங்கும்போதே சாறு நொதிக்கத் தொடங்கும். சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகும் என்பதால் தெளியவைத்து இறுத்து எடுப்பார்கள். போட்டிக்காரர் அதற்கு மேல் ஒன்று செய்வார். 'பதநீர் மொஹிட்டோ' என்று எலுமிச்சையைப் பிழிவார், அல்லது மாங்காயைச் சீவிப் போடுவார். பிழிந்த நொடியில் சுண்ணாம்பின் காவல் போயிற்று. காலை 7 மணிக்குக் கலந்து வைத்த பானம் பிற்பகல் 3 மணிக்கு நடுவர் முன் வரும்போது அது எதுவாக மாறியிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை இருக்கிறது. பிள்ளை கையில் அது இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. விதி இப்படி இருக்கட்டும்: பதநீர் புளிப்புச் சேர்க்காமல், ஐஸ் பெட்டியில் வரவேண்டும், எலுமிச்சையோ மாங்காயோ மேடையில்தான் சேர வேண்டும். வந்தவுடன், புளிப்பா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஎச் தாள் ஒன்றை நனைத்துப் பாருங்கள். நல்ல பதநீர் காரப் பக்கம், 7-க்கு மேலே காட்டும். 5-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தால் மேசைக்கு வரவேண்டாம்.

சின்னச் சின்னக் குப்பிகளையும் பாருங்கள். மாக்டெயில் செய்முறைகளில் 'இரண்டு சொட்டு பிட்டர்ஸ்' (மதுவில் ஊறவைத்த கசப்பு மூலிகைச் சாறு) என்று வரும். அங்கொஸ்துரா பிட்டர்ஸில் ஆல்கஹால் 44.7 சதவீதம். குப்பியை ஒருமுறை உதறினால் விழுவது ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவு. 200 மில்லி தம்ளரில் மூன்று உதறல் விழுந்தால் பானம் 0.6 சதவீதத்துக்குப் போய்விடும். அசல் வெனிலா சாறு அமெரிக்கச் சட்டப்படி குறைந்தது 35 சதவீத ஆல்கஹால். ஒரு தேக்கரண்டி முழுதாக ஊற்றினால் அதே தம்ளர் 0.9-ஐ நெருங்கும். கேக்கில் போட்டால் அடுப்புச் சூட்டில் பெரும்பகுதி பறந்துவிடும். குளிர்பானத்தில் அப்படியே நிற்கும். கடை எசன்ஸ்களில் எது எதில் கரைக்கப்பட்டது என்று லேபிளைப் படிக்க ஒரு தன்னார்வலரைப் பதிவு மேசையிலேயே உட்காரவையுங்கள்.

இவ்வளவு கறார் எதற்கு? 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, 18 நிரம்பாத குழந்தைக்கு மது கொடுப்பவருக்கும் கொடுக்கக் காரணமாக இருப்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. 78-ஆம் பிரிவு, மதுவை விற்கவோ எடுத்துச்செல்லவோ வழங்கவோ குழந்தையைப் பயன்படுத்துவோருக்கு அதே தண்டனையைச் சொல்கிறது. 'குடிக்கவில்லை, தட்டில் எடுத்துக்கொண்டு வந்து வைத்தாள்' என்பது ஒரு சமாதானமே இல்லை.

18-க்கும் 21-க்கும் நடுவில்

கேட்டரிங் கல்லூரிகளில் மறக்கப்படுவது இவர்கள்தான். பிளஸ் டூ முடித்து 17 வயதில் சேர்கிற பிள்ளை 20-இல் படிப்பை முடித்துவிடும். பாடத்தில் காக்டெயில் இருக்கிறது, தேர்வில் கேள்வி வருகிறது. 18 முடிந்த பிறகு இளைஞர் நீதிச் சட்டத்தின் கண்ணில் அது குழந்தை இல்லை, தமிழ்நாட்டு மது விதியின் கண்ணில் 21 ஆகவில்லை. கையெழுத்துப் போடலாம், ஆனால் மதுவை வாங்க முடியாது. இவர்களுக்கான போட்டியை முழுக்க மது இல்லாமல் நடத்துங்கள். பாட்டிலைச் சுழற்றி வீசும் ஃபிளேர் போட்டியில் பாட்டிலில் தண்ணீர் போதும், பயிற்சியும் அப்படித்தான் நடக்கிறது. ஊற்றும் அளவின் துல்லியத்தைச் சோதிக்க 30 மில்லி, 60 மில்லி வண்ணத் தண்ணீர் போதும். அளவு ஜாடியில் ஊற்றி மதிப்பெண் போடலாம். மதுபானக் கம்பெனியின் பெயர் போட்ட பரிசுப் பையை இந்த மேடைக்கு ஏற்றாதீர்கள்.

கருவி விஷயத்தில் சட்டம் எண் தருவதில்லை, நிதானத்தோடு நாமே வைக்க வேண்டும். 10 வயதுக்குக் கீழே கரைப்பது, கலக்குவது, கையால் பிழிவது. 10 முதல் 13 வரை மட்லர் (இலை, பழம் நசுக்கும் கட்டை), ஷேக்கர் (பானம் குலுக்கும் மூடிய குவளை), மொன்னைக் கத்தி. மிக்ஸியைத் தன்னார்வலர் போடட்டும். 14-க்கு மேல் கத்தியும் மிக்ஸியும். எஸ்பிரெசோ இயந்திரத்தின் நீராவிக் குழாய்க்கு 16 ஆகியிருந்து, பக்கத்தில் பயிற்சி பெற்ற பெரியவரும் நிற்க வேண்டும். அந்த ஆவி 100 டிகிரிக்கு மேல், தோலில் பட்ட நொடியில் வெந்துவிடும். ஷேக்கர் எஃகாக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம். சூடானதையும் சோடாவையும் ஷேக்கரில் ஊற்றிக் குலுக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே அழுத்தம் ஏறி மூடி முகத்தில் அடிக்கும். புகை வரவழைக்கும் உலர்பனிக்கட்டி, திரவ நைட்ரஜன் இரண்டும் இளையோர் பிரிவில் கிடையவே கிடையாது. ஒன்று மைனஸ் 78 டிகிரி, இன்னொன்று மைனஸ் 196. தம்ளரின் அடியில் கரையாமல் கிடக்கும் ஒரு துண்டை விழுங்கினால் இரைப்பையே கிழிந்துபோகலாம்.

சுவைப்பவரின் கணக்கு தனி. 24 பானம், ஆளுக்கு 30 மில்லி என்றால் நடுவர் வயிற்றில் 720 மில்லி. 12 சதவீதச் சர்க்கரை என்றால் 86 கிராம். ஒரு பெரியவருக்கு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் வரம்பே சுமார் 50 கிராம்தான். குழந்தைகளையும் நடுவர்களாக வைப்பது நல்ல எண்ணம், ஆனால் 10 மில்லிக் கரண்டியில், 8 பானத்துக்கு மேல் வேண்டாம். காபிப் பிரிவில் குழந்தை நடுவரே வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளில் 3 மில்லிகிராம் கஃபீன். 30 கிலோ பிள்ளைக்கு அது 90 மில்லிகிராம், ஓர் இரட்டை எஸ்பிரெசோவிலேயே தாண்டிவிடும். டின்னில் வரும் எனர்ஜி பானங்களில் 'குழந்தைகளுக்கு உகந்ததல்ல' என்று லேபிளிலேயே இருக்கிறது. அதை மூலப்பொருளாகவும் அனுமதிக்காதீர்கள். பாதாம், முந்திரி, பால் சேர்ந்தவற்றின் முன் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள். 1872 ஒப்பந்தச் சட்டப்படி 18 நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்தது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோஹரி பீபி வழக்கில் அன்றைய உச்ச முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஆகவே 16 வயதுப் பிள்ளை 'விதிகளை ஏற்கிறேன், செய்முறையின் உரிமையைத் தருகிறேன்' என்று போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. பெற்றோரோ பாதுகாவலரோ போட வேண்டும். அவர்கள் போட்டாலும், உங்கள் கவனக்குறைவால் பிள்ளைக்குக் காயம் பட்டால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். படம் எடுத்து இணையத்தில் போடுவதற்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள். 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18-க்குக் கீழே பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது.

வயதுச் சான்றாக எல்லோரும் ஆதாரைத்தான் நீட்டுவார்கள். வயதை முடிவு செய்ய ஆதாரை விடப் பள்ளிச் சான்றிதழே பொருத்தம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சொன்னது. பிறப்புச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ கேளுங்கள். பார்த்துவிட்டு 'சரிபார்த்தேன்' என்று பதிவேட்டில் குறித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்; நகல் சேர்த்துவைக்க வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவு செய்தும், போட்டி நாளன்று ஒரு பிள்ளை ஈஸ்ட் போட்ட பாட்டிலைப் பெருமையோடு தூக்கிக்கொண்டு வரத்தான் செய்யும். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் தகுதிநீக்கம் செய்யாதீர்கள். பாட்டிலைப் பிள்ளை கையிலிருந்து ஒரு பெரியவர் வாங்கி, துணியால் சுற்றி, ஆளில்லாத பக்கம் கொண்டுபோய் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் காற்றை விட்டுக் கொட்டட்டும். ஏன் என்று பிள்ளையிடம் அந்த 6 கிராம் கணக்கைச் சொல்லுங்கள். அமைப்பாளர் மேசைக்கடியில் 200 கிராம் இஞ்சி, 4 எலுமிச்சை, கால் கிலோ நாட்டுச் சர்க்கரை, இரண்டு பாட்டில் சோடா தயாராக இருக்கட்டும். அடுத்த சுற்றில் 45 நிமிடம் அந்தப் பிள்ளைக்கும் உண்டு.